கீற்றும் புள்ளியும்

ஓடட்டும், அது பாட்டுக்கு ஓடட்டும், நாம் உட்கார்ந்து முறைப்பதால் அது ஒன்றும் வேகமாக ஓடிவிடப் போவதில்லை என்று ஷாந்தால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே மறுபடி திரையைத்தான் பார்த்தாள். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இதுவரை பதிந்த நோயாளிகளின் பெயர்களை எல்லாம் கம்ப்யூட்டர் ஒன்றொன்றாக எடுத்து, எழுத்துகளின் தலையில் இருக்கும் கீற்று, கொம்பு, தொப்பி எதுவானாலும் கழற்றிப் போட்டுவிட்டு, மொட்டையாக ஒரு நகல் எழுதிக்கொண்டிருந்தது. இனிமேல் யார் எந்தப் பெயரைத் தேடினாலும் அந்த மொட்டை நகலில்தான் தேடும். பிரெஞ்சுப் பெயர் ஒன்று é என்று பதிவாகியிருந்தாலும் வெறும் e என்று தட்டினால் ஆள் வந்து நிற்பார். நிற்க வேண்டும். மதிய நேரம், புதுச்சேரியின் மதியம், கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போய்விடும் மதியம். ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனியின் முதலாளி நமச்சிவாயம் சாப்பிட வீட்டுக்குப் போனால் ஒரு குட்டித் தூக்கம் போடாமல் வரமாட்டார். கீழே பேக்கரியில் மட்டும் சாயங்கால ரொட்டி வேக ஆரம்பித்திருந்தது, அந்த வாசனை படியேறி வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. பசி இல்லை. டப்பாவில் கொண்டுவந்த தயிர்சாதத்தை இன்னும் திறக்கவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது. கழற்று, மாட்டு. என்னடி இது, முதல் பிரசவத்துக்கு வெளியே நிற்கிற புருஷன் மாதிரி. ஒரு சாதாரண வேலை, எத்தனையோ பேர் எத்தனையோ ஊரில் செய்கிற வேலை, முடிந்தால் முடிந்தது. அவள் பேனாவை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து இழுப்பறையைத் திறந்து எடுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரிப் பதிவு கவுண்டரிலிருந்து வளர்மதி. "மேடம், இங்க ஒரு அம்மா நிக்கிறாங்க, எலேன்னு பேரு. போன மாசம்கூட வந்தேன்னு சத்தியம் பண்றாங்க. தட்டுனா பதிவு இல்லைன்னு வருது. புதுசா ஒண்ணு போட்டுடட்டா?" போடாதீங்க என்று ஷாந்தால் கத்தாத குறையாகச் சொன்னாள். புதிதாகப் போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் ரத்த அழுத்தம், டாக்டர் எதைப் பார்ப்பார். "H போட்டு, அப்புறம் e-க்கு மேல வலப்பக்கம் சாஞ்ச ஒரு கீத்து, l, திரும்ப e-க்கு மேல இடப்பக்கம் சாஞ்ச கீத்து..." "கீத்து கீபோர்டுல எங்க மேடம் இருக்கு?" எங்கேயும் இல்லை. அதுதானே வம்பு. முன்காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் பதிவு எழுதிய கன்னியாஸ்திரீகள் பிரெஞ்சு படித்தவர்கள், கீற்று தவறாமல் வைத்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது கீற்றோடு ஏற்றிவிட்டார்கள். இப்போது கவுண்டரில் இருக்கிற பெண்களுக்கு எலேன் என்றால் Helene, அவ்வளவுதான். "சாயங்காலத்துலேருந்து கீத்து வேணாம் வளர்மதி, சும்மா தட்டுனாலே வரும்." "நீங்க போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வளர்மதி வைத்துவிட்டாள். உண்மைதான், போன வருஷமும் சொன்னாள். ஏன் செய்யவில்லை? நேரமில்லை, வேறு வேலை, நமச்சிவாயம் இதற்கு என்ன அவசரம் என்றார். எல்லாம் உண்மை. இன்னொன்றும் உண்மை, அதை ஷாந்தால் யாரிடமும் சொன்னதில்லை. இது முடிந்தால் அவள் தட்டப்போகும் முதல் பெயர் எலேன் இல்லை. அந்தப் பெயரைத் தட்டி ஒன்றும் வரவில்லை என்றால், கீற்றுதான் தடுக்கிறது, கீற்றுக்குப் பின்னால்தான் இருக்கிறான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த சமாதானமும் போய்விடும்.

எத்தியேன். அவளுடைய தம்பி. அவள் கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து வெளியே போனவன், பத்து வருஷத்துக்கு மேலாயிற்று, போனவன் போனவன்தான். பிரெஞ்சில் Étienne, முதல் எழுத்தின் தலையிலேயே கீற்று. கோவிலில் சாமியார் முடியப்பன் என்று கூப்பிடுவார், அந்தப் புனிதருக்குத் தமிழில் அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ஸ்டீபன் என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு ஆளுக்கு இத்தனை பெயர் இருந்தால் தொலைந்து போவதா கஷ்டம். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஷாந்தால் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அது தப்பு, பிறத்தியார் வைத்தியப் பதிவில் சொந்தக்காரரைத் தேடக் கூடாது, அவளே எழுதிக் கொடுத்த விதிகளில் அது இருக்கிறது. ஆனாலும் மென்பொருளைச் சோதிக்க எதையாவது தட்டித்தானே ஆக வேண்டும், எதையாவது என்கிற இடத்தில் அவள் விரல் தானாகவே அந்தப் பெயரைத் தட்டும். Etienne. முடியப்பன். ஸ்டீபன். எத்தியேன். சில சமயம் வேறு எத்தியேன்கள் வருவார்கள், வயது பொருந்தாது, அப்பா பெயர் பொருந்தாது. அப்போது ஏமாற்றமும் நிம்மதியும் ஒரே மூச்சில் வரும், எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஏனென்றால் அந்தப் பதிவில் ஒரு கட்டம் இருக்கிறது. வீடு திரும்பியவருக்கு வெள்ளை, படுக்கையில் இருப்பவருக்கு மஞ்சள், திரும்பாதவருக்குச் சாம்பல். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். கறுப்பு போடலாம் என்றார் நமச்சிவாயம், வேண்டாம் சார், பார்க்கச் சகிக்காது என்று சொல்லிச் சாம்பல் போட்டாள். என் தம்பி கிடைக்க வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரியில் கிடைக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில்தான் தேட முடிகிறது. இதை எந்த மாதாவிடம் போய் ஜெபிப்பது.

அம்மாவுக்குக் கூட அதே சிக்கல்தான். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு மறுநாள், அவன் பெயர் கொண்ட திருநாளில், அம்மா அவனுக்காகக் கோவிலில் பூசைக்குப் பணம் கொடுப்பாள். அங்கே எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்பார், உயிரோட இருக்கிறவங்களுக்கா, இறந்தவங்களுக்கா? இரண்டுக்கும் வேறு வேறு ஜெபம். அம்மா ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான் சொல்வாள்: "பேரை மட்டும் சொல்லச் சொல்லுங்க." போன வருஷம் அவர் கொஞ்சம் எரிச்சலாக, "எந்தப் பக்கம் எழுதறதும்மா?" என்றார். அம்மா சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நடுவுல எழுதுங்க" என்றாள். நடுவில் எழுத இடம் இல்லை. பக்கத்தில் நின்ற ஷாந்தாலுக்குச் சிரிப்பு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பச்சைக் கோடு பாதியைத் தாண்டிவிட்டது. ரொட்டி வாசனை கொஞ்சம் கருகலாக வருகிறதோ. இல்லை, மூளைதான் கருகுகிறது. எழுந்து தண்ணீர் குடித்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு நாய் நிழலை விட்டு நகராமல், நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து படுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கூட இன்று ஒரு வேலை இருக்கிறது.

கீற்று. அப்பா அதை அக்சான் என்பார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். அவர் பெயர் தெசிரே. Désiré, இரண்டு e, இரண்டுக்கும் தலையில் அக்சான், உடுப்பில் பித்தானைத் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொள்கிற மாதிரி அந்த இரண்டையும் வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் திக்தே. அவர் பிரெஞ்சில் வாசிப்பார், பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். இறைச்சி வேகிற வாசனை அடுக்களையிலிருந்து வரும், திக்தே முடிந்தால்தான் சாப்பாடு. ஷாந்தாலுக்கு ஓரளவு வரும். எத்தியேனுக்கு எழுத்து வரும், வார்த்தை வரும், அக்சான் மட்டும் வராது. "அக்சான் எங்கடா?" என்பார் அப்பா. அவன் தாளைத் திருப்பிப் பார்ப்பான், பின்பக்கம் விழுந்திருக்குமோ என்கிற மாதிரி. வேண்டுமென்று செய்கிறானா, விளையாடுகிறானா, கடைசி வரை அப்பாவுக்குத் தெரியவில்லை. ஷாந்தாலுக்குத் தெரியும், அவன் வேகமாக எழுதுகிறவன், எழுத்து ஓடும்போது திரும்பிப் போய் மேலே எதையும் வைக்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது. "அக்சான் இல்லேன்னா அது வேற ஆளுடா!" "நீங்க கூப்பிட்டா நான்தானே வரேன், அப்புறம் என்ன?" பத்து வயசுப் பையன் கேட்ட கேள்வி, அதற்கு அப்பா கொடுத்த பதில் முட்டியில் அடி. "உனக்குத் தலையில ஒண்ணும் கிடையாது, தப்பிச்ச" என்று அன்றைக்கு ராத்திரி அவன் அவளிடம் சொன்னான். Chantal என்பதில் அக்சான் கிடையாது. அவளுக்கு அப்போது கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது, குடும்பத்தில் எல்லார் தலையிலும் ஏதோ இருக்கிறது, தன் தலை மட்டும் மொட்டை.

பிறகு அந்தக் கல்யாணப் பத்திரிகை. அதை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்த நிமிஷமே அது வந்து நிற்கிறது. வெளிர் ரோஜா நிறம், ஓரத்தில் தங்கக் கோடு. அச்சகத்தில் போய்ப் பிழை பார்த்துவிட்டு வாடா என்று எத்தியேனை அனுப்பினார்கள், அனுப்பியது அவள்தான், அவள்தான் அனுப்பினாள். அவன் பார்த்தான், எல்லாம் சரி என்றான், அச்சடித்து ஊரெல்லாம் போயாயிற்று. பெண்ணின் தகப்பனார் பெயர் Mr. Desire. அக்சான் இரண்டும் இல்லை. அக்சான் இல்லாவிட்டால் அது பிரெஞ்சுப் பெயரே இல்லை, இங்கிலீஷில் டிசையர், ஆசை. மாப்பிள்ளை ஜெயசீலன் வீட்டார் சென்னைக்காரர்கள், இங்கிலீஷ் படித்தவர்கள், பத்திரிகையைப் பார்த்ததிலிருந்து அடக்கி அடக்கி வைத்திருந்ததைக் கல்யாண மண்டபத்தில் ஜெயசீலனின் சித்தப்பா அவிழ்த்துவிட்டார். "மிஸ்டர் டிசையர் எங்கப்பா? டிசையர் இல்லாம கல்யாணம் எப்படி நடக்கும்?" நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணம் கிடையாது, ஆனால் வாய். மண்டபமே சிரித்தது. புரியாதவர்கள் கூட, புரிந்தவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா பத்திரிகையை வாங்கி ஒரு தடவை படித்தார். ஷாந்தாலுக்கு அந்த முகம் இன்றைக்கும் தெரிகிறது, முப்பது வருஷம் பட்டாளத்தில் நின்றவர் ஒரு வினாடியில் சட்டையில்லாமல் நிற்கிற மாதிரி ஆகிவிட்டார். பிறகு மேடைக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் தட்டோடு போய்க்கொண்டிருந்த எத்தியேனைக் கூப்பிட்டார். கூப்பிட்டதும் வந்தான். எல்லார் முன்னாலும் அறைந்தார். தட்டு விழுந்தது, ஐஸ்கிரீம் அவள் கவுன் நுனியில் பட்டது. அவள் என்ன செய்தாள்? குனிந்து கவுனைத் துடைத்தாள். நிமிர்ந்தபோது அவன் இல்லை. சாப்பிடாமல் போய்விட்டான் என்று அம்மா சொன்னாள். சாயங்காலம் வந்துவிடுவான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அப்பா மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் அவர் பிரெஞ்சு பேசி யாரும் கேட்டதில்லை. டிவியில் பிரெஞ்சுச் செய்தி வைப்பதை நிறுத்தினார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் கட்டிலில் படுத்துக்கொண்டு விரலால் போர்வையில் எதையோ எழுதுவார், எழுதிவிட்டு மேலே ஒரு சின்னக் கோடு இழுப்பார். மாத்திரை வேலை செய்கிறது என்றார் டாக்டர். இறந்ததும் ஊர்ச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள், ஷாந்தால் தானே அச்சகத்தில் போய் உட்கார்ந்து அக்சான் இரண்டையும் வைக்கவைத்தாள். அவன் எங்காவது ஒரு சுவரில் பார்ப்பான், பார்த்தால் வருவான் என்று நினைத்தாள். அடக்கத்துக்கு வரவில்லை, முப்பதாம் நாளுக்கும் வரவில்லை. அப்போது அவளுக்கு முதல்முறையாக அந்த இன்னொரு எண்ணம் வந்தது. பார்த்திருந்தால் வந்திருப்பான். வரவில்லை என்றால். அந்த வாக்கியத்தை அவள் முடிப்பதில்லை. நடுவில் விட்டுவிடுவாள், அம்மா சொன்ன மாதிரி நடுவில்.

பச்சைக் கோடு நின்றது. முடிந்தது என்று திரை சொன்னது. முடிந்தால் உடனே தட்ட வேண்டியதுதானே, இவ்வளவு நேரம் தவித்துவிட்டு இப்போது என்ன, கை துடைத்துக்கொள், தண்ணீர் குடி, டப்பாவைத் திற. அவள் முதலில் helene என்று தட்டினாள். வரிசையாக வந்தார்கள், கீற்றோடு, கீற்றில்லாமல், பாதிக் கீற்றோடு, வளர்மதியின் முன்னால் நிற்கிற அம்மாவும் அதில் இருந்தாள். நன்றாக வேலை செய்கிறது. பிறகு, சரி, பிறகு. etienne. இதுவரை வராத எத்தியேன்கள் வந்தார்கள், É போட்டு ஒளிந்துகொண்டிருந்தவர்கள். மூன்றாவது வரி சாம்பல். அவளுக்குக் காதில் ஒரு இரைச்சல் கேட்டது, கீழே பேக்கரியில் அடுப்புக் கதவை இழுத்து மூடினார்களோ என்னவோ. வயது, ஒன்றிரண்டு வித்தியாசம், அப்படித்தான் இருக்கும், அவன் வயதைச் சரியாகச் சொல்பவன் இல்லை. தந்தை பெயரைப் பார், பார்த்துத் தொலை. தந்தை பெயர் மரியசூசை. மரியசூசை! அவர் யாரென்றே தெரியாது, அவருடைய பிள்ளை செத்துப் போயிருக்கிறான், இவள் இங்கே உட்கார்ந்து கர்த்தருக்கு நன்றி சொல்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மற்ற வரிகளையும் பார்த்தாள். யாரும் அவன் இல்லை. ஆக, கீற்றுக்குப் பின்னால் அவன் இல்லை. எங்கேயும் இல்லை. சரி. வேலையைப் பார். இந்த நகலில் சோதித்தாகிவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான். ஒரு பொத்தான். அவள் அம்புக்குறியைப் பொத்தானுக்கு மேல் கொண்டுபோய் வைத்தாள்.

வைத்தவள் அழுத்தவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. மனசு எதிலோ கால் தடுக்கி நின்றது, சேலை முள்ளில் மாட்டின மாதிரி. மொட்டை. தலையில் இருப்பதை எல்லாம் கழற்றுவது. அவனுக்கு அக்சான் மட்டுமா வராது? ஜெபமாலை டீச்சர். நாலாம் வகுப்பு, எத்தியேனின் தமிழ்க் கட்டுரை, டீச்சர் அதை ஷாந்தாலின் வகுப்புக்கே கொண்டுவந்து, உன் தம்பி லட்சணத்தைக் கேள் என்று உரக்கப் படித்தார். அ-ம-மா எனககு இடலி கொடுததாள. வகுப்பே புரண்டு சிரித்தது. ஒரு புள்ளி கிடையாது, கட்டுரை முழுக்க ஒரு புள்ளி கிடையாது. "புள்ளி எங்கடி இவனுக்கு?" என்றார் டீச்சர், அப்பா அக்சான் எங்கே என்று கேட்ட அதே குரலில். பிரெஞ்சிலும் தலையில் வைக்க மாட்டான், தமிழிலும் தலையில் வைக்க மாட்டான், அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அவனுக்கு இரண்டும் ஒன்று. ஷாந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டருக்கு? கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சு என்ன, தமிழ் என்ன. எழுத்தின்மேல் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் குறிகளைப் பிடுங்கு என்று சொன்னோம், எந்த மொழிக் குறி என்று சொன்னோமா? அட கடவுளே. அந்தப் பதிவில் தமிழில் பதிந்தவர்கள்தான் பாதிப்பேர். புள்ளியும் குறிதான். ஈகாரச் சுழியும் அதன் கணக்கில் அதே ஜாதிதான், மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற சாமான். அவள் தீனா என்று தட்டினாள். தீனாக்கள் வந்தார்கள், கூடவே தனாக்களும் வந்தார்கள், கலந்து கட்டி, தனா முதலில். கழற்றிவிட்டால் இரண்டும் ஒன்று. கவுண்டரில் கூட்டம் நெருக்கும்போது வளர்மதி முதல் வரியை அழுத்துவாள், தனாவின் பதிவோடு தீனா ஊசி போட்டுக்கொள்ளப் போவாள். இன்னும் ஒரு விரல் அழுத்தம், அவ்வளவுதான் பாக்கி இருந்தது. நல்ல வேளை, ஜெபமாலை டீச்சர். நல்ல வேளை, எத்தியேன்.

சரி செய்வது சுலபம், ஒரே வரி, தமிழ் எழுத்தைத் தொடாதே என்று ஒரு வரி. அதை எழுதத்தான் அவள் விரலைக் கொண்டுபோனாள். வழியில் விரல் தேடல் கட்டத்தில் இறங்கிவிட்டது. எத்தியேன் என்று தமிழில் தட்டியது. எத்தனையோ தடவை தட்டிய பெயர், தமிழில் ஒன்றும் வராது, கைப்பழக்கம். ஆனால் ஒரு வரி வந்தது. எததியேன. ஒரு புள்ளி கிடையாது. வெள்ளைக் கட்டம். அவள் சத்தமாக, யாருமில்லாத அலுவலகத்தில், "டேய்" என்றாள். எலும்பு மருத்துவம், இடது மணிக்கட்டு, மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார், இந்த வருஷம்தான், மழைக்கு முன்னால். ஊர் பாகூர். பாகூர்! டவுன் பஸ் போகிற ஊர். வாசலில் வைத்திருக்கும் தொடுதிரையில் அவனே தட்டியிருக்கிறான், கவுண்டரில் கூட்டம் என்றால் நோயாளியே தன் விவரத்தைப் போட்டுக்கொள்வதற்கு வைத்தது அது. அதன் விசைப்பலகையை வரைந்தவள் ஷாந்தால். புள்ளிக்கு என்று ஒரு விசை வைத்தாள், கீழே வலது ஓரத்தில், சின்னதாக. அவன் அதைத் தொடவே இல்லை. அவள் அடுக்கி வைத்த எழுத்துகளின்மேல் அவன் விரல் போயிருக்கிறது, வேகமாக, திரும்பிப் பார்க்காமல், ஒற்றைக் கையால். இத்தனை வருஷமும் அவள் சரியாக எழுதித் தேடியிருக்கிறாள், அவன் தப்பாக எழுதிக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறான். தப்பான வேலை செய்து தப்பான நகல் போட்ட இந்த ஒரு மதியத்தில் கூப்பிட்டதும் வந்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்தது, வந்ததை விட்டுவிட்டாள், துடைக்கவில்லை. கண்ணீருக்குள்ளிருந்து அடுத்த கட்டம் தெரிந்தது.

தந்தை பெயர்: திரு. Désiré.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தாள். கீற்று இருந்தது. இரண்டும் இருந்தன. அந்தத் தொடுதிரையில் é போடுவது லேசான காரியம் இல்லை. தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்ற வேண்டும், e-யின்மேல் விரலை வைத்து எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கீற்று வகைகள் வரிசையாக எழும்பும், அதில் வலப்பக்கம் சாய்ந்ததைத் தேடி நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஒடிந்த மணிக்கட்டு வலிக்க, பின்னால் வரிசை முணுமுணுக்க, தன் பெயருக்கு ஒரு புள்ளி வைக்கப் பொறுமையில்லாதவன் அப்பா பெயருக்கு நின்று, ஒரு தடவை அழுத்தி, மறுபடி ஒரு தடவை அழுத்தி வைத்திருக்கிறான். அதற்கு முன்னால் 'திரு' என்று தேர்ந்தெடுத்திருக்கிறான். பக்கத்திலேயே 'அமரர்' என்றும் ஒன்று இருக்கிறது. அவன் எந்தச் சுவரிலும் அந்த போஸ்டரைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியாது.

அவளுக்கு உடனே போனை எடுக்க முடியவில்லை. முதலில் அந்த ஒரு வரியை எழுதினாள். தமிழைத் தொடாதே. எழுதி, பழைய நகலை அழித்து, முதலிலிருந்து ஓடவிட்டாள். பச்சைக் கோடு மறுபடி ஊர ஆரம்பித்தது, அது கடைசிக்குப் போய்ச் சேர்ந்ததும் தீனா தீனாவாகவும் தனா தனாவாகவும் ஆகிவிடுவார்கள், எததியேன மறுபடி யாருக்கும் அகப்படாமல் போய்விடுவான். அகப்படாமல் போகட்டும், அவன் விவரம் திறந்த திரை அவள் முன்னால் இருக்கிறது, அதன் அடியில் அவன் போன் நம்பர் இருக்கிறது. அந்தப் பெயரில் புள்ளிகளை நாமே வைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. திருத்துகிற உரிமை அவளுக்கு உண்டு, இரண்டே புள்ளி. வேண்டாம். அம்மாவுக்கு என்ன சொல்வது? அம்மாவுக்கு அப்புறம். கிறிஸ்மஸ் வரட்டும், எந்தப் பக்கம் என்று கேட்கட்டும். அவனிடம் என்ன சொல்வது, எங்கேயிருந்து ஆரம்பிப்பது, எடுத்ததும் சொல்லக் கூடாது, முதலில் கை எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும், அப்புறம் மெல்ல. நம்பரைத் தட்டினாள். ஒரு எண் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மணி அடித்தது. எடுக்க வேண்டாம் என்று நினைத்தாள். எடு, எடுடா என்று நினைத்தாள்.

"யாருங்க?" என்றது ஒரு குரல். கட்டையாகிவிட்டது, ஆனால் அவன்தான். பின்னால் யாரோ சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ, யாருங்க பேசறது?"

"நான்தான்டா."

சுத்தியல் சத்தம் நின்றது. அவன்தான் தட்டிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"அக்கா" என்றான். புள்ளி அழுத்தமாக விழுந்தது. அவனுக்கு வாயில் என்றைக்கும் புள்ளி தப்பியதில்லை.

"கை எப்படியிருக்கு?"

"கை நல்லாயிருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?" என்றவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு, பத்து வயசில் தாளைத் திருப்பிப் பார்த்தபோது இருந்த அதே குரலில் கேட்டான்: "அக்கா, அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காரா?"

ஷாந்தால் திரையைப் பார்த்தாள்.

"அக்சான் ரெண்டும் சரியா இருக்குடா" என்றாள்.